பழைய நாணயத்தின் விலையை எழுதும்போது அதன் நிலையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நாணயங்களைப் பற்றி நாளிதழ்களில் செய்தி வரும்போது ஆண்டும் விலையும் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்த நாணயம் எந்த நிலையில் இருந்தது என்ற ஒரு வரிதான் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த வரி விடுபடுவதால் வீடுகளில் நடக்கும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல. செய்தியைப் படித்ததும் பூஜை அறைப் பெட்டியைத் திறக்கிறார்கள். பாட்டி காலத்து வெள்ளி ரூபாயை எடுக்கிறார்கள். கறுத்துக் கிடக்கிறதே, விற்பதற்கு முன் பளிச்சென்று இருக்கட்டும் என்று புளியோ, திருநீறோ, பல் துலக்கும் பசையோ போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். நூறு ஆண்டு தப்பிப் பிழைத்த நாணயம் அந்த ஐந்து நிமிடத்தில் வெறும் வெள்ளித் துண்டாகிவிடுகிறது.

நாணயத்தின் நிலையை மதிப்பிடுவது வியாபாரிகளுக்கு மட்டுமே கைவரும் வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, கொஞ்சம் பொறுமை இருந்தால் சில மாதங்களில் கண் பழகிவிடும். எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதை உங்கள் வாசகர்களுக்கு விளக்கமாகச் சொல்லவே இக்கடிதம்.

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் கிடைப்பது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய். 1835 முதல் 1939 வரையிலான ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. அதாவது ஒரு ரூபாயில் ஏறக்குறைய 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. எவ்வளவு தேய்ந்த ரூபாயானாலும் இந்த வெள்ளியின் விலைதான் அதன் தரைமட்டம். 1940-இலிருந்து வெள்ளி நூற்றுக்கு 50 பங்காகக் குறைந்தது. 1947 தேதியிட்டது நிக்கல் ரூபாய், காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ரூபாய் ஒட்டாது. தரைமட்டத்துக்கு மேல் ஒரு நாணயம் எவ்வளவு ஏறும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: அந்த ஆண்டு நாணயம் எவ்வளவு அரிது, கையில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது. அரிதா என்பதைப் பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நிலையை நாணயத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சாதாரணமாகக் கிடைக்கும் ஆண்டின் ரூபாய் தேய்ந்திருந்தால் வெள்ளி விலையை ஒட்டியே போகும். அதே ஆண்டு, அதே அக்கசாலை (நாணயம் அடிக்கும் இடம்), புழக்கத்துக்கே போகாத நிலையில் இருந்தால் அதைப்போலப் பல மடங்கு போகும்.

முதலில் வெளிச்சம். டியூப்லைட்டுக்கு அடியில் நாணயம் பார்க்கவே கூடாது. அந்த ஒளி எல்லாப் பக்கமும் பரவி விழுவதால் மெல்லிய கீறல்களை மூடிவிடும். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே புள்ளியிலிருந்து ஒளி வரும் மேசை விளக்கை மட்டும் எரிய விட வேண்டும். பழைய குண்டு பல்பு இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. பல்பு போதும். விளக்குக்கும் நாணயத்துக்கும் ஓர் அடி, ஒன்றரை அடி இடைவெளி இருக்கட்டும். மேசைமேல் மடித்த மெத்தென்ற துணி ஒன்று கட்டாயம் வேண்டும். கை நழுவினால் நாணயம் துணிமேல் விழ வேண்டுமே தவிரத் தரையில் அல்ல. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். விரல்ரேகையிலுள்ள உப்பும் எண்ணெயும் உலோகத்தை மெல்ல அரிக்கும். செம்பு நாணயத்தில் இன்று பதிந்த ரேகை சில மாதங்களில் பழுப்புப் படமாகத் தெரியும், பிறகு அழிக்கவே முடியாது. நாணயத்துக்கு நேர்மேலே முகத்தை வைத்துக்கொண்டு பேசவும் கூடாது. தெறிக்கும் எச்சில் துளிகள் பின்னால் கரும்புள்ளிகளாக மாறும்.

பூதக்கண்ணாடி ஐந்து மடங்கிலிருந்து ஏழு மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டினால் போதும். பத்து மடங்கு கண்ணாடியை அக்கசாலைக் குறியையும் தேதி திருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வைத்துக்கொள்ளலாம். நிலையை மதிப்பிட அது உதவாது, நல்ல நாணயத்தைக்கூடக் கீறல் காடாகக் காட்டிப் புதியவர்களைக் குழப்பிவிடும். வெறும் கண்ணால் முழு முகத்தையும் பார்த்த பிறகே கண்ணாடியை எடுக்க வேண்டும். முதலில் ஒட்டுமொத்தத் தோற்றம், அடுத்து ஒளி, அடுத்து உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றுத்தளம், அதன்பின் உருவத்தின் மேடுகள், கடைசியாக விளிம்பும் பக்கவாட்டும். பூ, தலை இரண்டு பக்கத்துக்கும் இதே வரிசைதான். தலைப் பக்கத்தைப் பார்த்து மயங்கி, பூப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறந்து வாங்குபவர்கள் ஏராளம்.

இந்த வரிசையில் மிகக் கடினமானது ஒளி. எல்லாவற்றுக்கும் அடிப்படையும் அதுவே. உருவம் செதுக்கிய அச்சு ஓங்கி அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கொஞ்சம் நகர்கிறது. அந்த நகர்வின் தடம் கண்ணுக்குத் தெரியாத மிக மெல்லிய வரிகளாகத் தளத்தில் நின்றுவிடுகிறது. நாணயத்தை விளக்கின் கீழ் சற்றே சாய்த்து மெல்லச் சுழற்றினால், அந்த வரிகளில் பட்ட ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல நாணயத்தோடு சேர்ந்து சுற்றும். சேகரிப்பாளர்கள் லஸ்டர் என்று சொல்வது இதைத்தான். கண்ணாடிபோலப் பளபளப்பது லஸ்டர் அல்ல. பளபளப்பு ஒரே இடத்தில் மின்னிவிட்டு நின்றுவிடும், லஸ்டர் சுற்றிவரும். இதைப் பழகச் செலவே இல்லை. வங்கியிலிருந்து வந்த புத்தம்புது நாணயம் ஒன்றையும் அதே வகையில் நாலைந்து ஆண்டு புழங்கிய ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். புதியதில் ஒளிப்பட்டை தடையின்றிச் சுற்றும். புழங்கியதில் அது மேடுகள்மேல் வந்ததும் அறுந்து, மீண்டும் பள்ளத்தில் தொடங்கும். அறுபடும் அந்த இடம்தான் தேய்மானத்தின் முதல் அடையாளம்.

அடுத்துப் பிரித்தறிய வேண்டியது தேய்மானத்தையும் அரைகுறை அச்சையும். அச்சின் ஆழத்துக்கு உலோகம் போதாமல் போனால் உருவத்தின் உச்சி முழுமையாக எழாது. அந்த இடம் மழுங்கலாகத் தெரிந்தாலும் தேய்ந்ததல்ல. உச்சியில் நிறம் மாறி, மங்கிய சாம்பல் திட்டுபோலத் தட்டையாக இருந்தால் தேய்மானம். உச்சியில் வடிவம் குறைந்திருந்தும் நிறம் மாறாமல், ஒளிப்பட்டை அதன்மேலும் ஓடினால் அச்சுக் குறை. சந்தேகம் வந்தால் நாணயத்தைத் திருப்பி, அதே இடத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். அங்கே ஆழமான பெரிய உருவம் இருந்தால், உலோகம் அந்தப் பக்கம் போய்விட்டது என்று பொருள். அச்சே பழசாகித் தேய்ந்திருந்தாலும் உருவம் மழுங்கும். அப்போது எழுத்துகளின் ஓரம் விளிம்பை நோக்கி இழுபட்டதுபோல் தெரியும். இந்த மூன்றையும் பிரிக்கத் தெரியாமல் நிலை சொல்பவர்கள் நல்ல நாணயத்தை மலிவாக விற்று, தேய்ந்ததை அதிகம் கொடுத்து வாங்குவார்கள்.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொண்டு படிகளைப் பார்ப்போம். 1912-க்கும் 1922-க்கும் இடைப்பட்ட இந்த வகை சென்னையில் எளிதாகக் கிடைக்கும் என்பதால் பழகுவதற்கு வசதி. மன்னரின் தலையில் கிரீடம். அவர் போர்த்தியிருக்கும் அங்கியின்மேல் ஒரு சங்கிலி, அதில் ஒரு சிறு யானை. முதலில் தேய்பவை கிரீடத்தின் முத்துகள், புருவம், காது, மீசை, அந்த யானையின் உடல். முத்துகள் எல்லாம் ஒட்டுமொத்தக் கோடாகி, அங்கி மடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து, எழுத்துகள் மட்டும் தெளிவாக நின்றால் அது ஃபைன். காதின் வடிவம் முழுதாகவும், பெரிய மடிப்புகள் தனித்தனியாகவும், முத்துகளில் சில பிரிந்தும், யானை யானையென்று தெரிந்து அதன் உடல் மட்டும் தட்டையாகவும் இருந்தால் வெரி ஃபைன், அதாவது வி.எஃப். முத்துகள் அனைத்தும் தனித்தனியாக நின்று, புருவத்திலும் யானையின் தலையிலும் மட்டும் லேசான உரசல் தெரிந்து, எழுத்துகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் லஸ்டர் மிச்சமிருந்தால் எக்ஸ்ட்ரா ஃபைன், ஈ.எஃப். வடிவத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் உச்சிகளில் மட்டும் நிறம் சற்று மங்கி ஒளிப்பட்டை அறுபடுகிறது என்றால் ஏ.யு., அதாவது அபவுட் அன்சர்குலேட்டட், ஏறக்குறையப் புழங்காதது. எங்குமே அறுபடவில்லை என்றால்தான் யு.என்.சி., அதாவது அன்சர்குலேட்டட், புழக்கத்துக்கே போகாதது. இந்த யு.என்.சி. என்ற சொல்தான் நம் ஊரில் படாதபாடு படுகிறது. வெள்ளையாக மின்னும் எதையும் யு.என்.சி. என்று விற்கிறார்கள். வெள்ளையாக மின்னும் நூறாண்டுப் பழைய வெள்ளியைக் கண்டால் முதலில் வர வேண்டியது மகிழ்ச்சியல்ல, சந்தேகம்.

அந்த யானைக்கு ஒரு கதையும் உண்டு. 1911-இல் வந்த முதல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் தும்பிக்கை சிறுத்து, யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. 1912-இலிருந்து உருவம் திருத்தப்பட்டது. அதனால் 1911 ரூபாய்க்கு இன்றும் தேவை அதிகம். தேதி 1911 என்று இருந்து யானை 1912 யானையாக இருந்தால் கடைசி எண்ணில் கைவைத்திருக்கிறார்கள். யானை முழுதாகத் தேய்ந்துபோன நாணயத்தில் இந்தச் சோதனையே செய்ய முடியாது. அரிய ஆண்டு நாணயத்தை மிகத் தேய்ந்த நிலையில் வாங்கத் தயங்க இதுவும் ஒரு காரணம். 1939 தேதியிட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் அரிது என்பதால் போலிகள் உலவுகின்றன. எடையில் அரை கிராம் வித்தியாசம் வந்தாலே தள்ளி வைத்துவிடலாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு இதற்காகவே வாங்கத் தகும்.

எண்களால் நிலை சொல்லும் முறையைப் பற்றியும் சுருக்கமாக. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949-இல், தம் நாட்டின் பழைய பெரிய செம்பு சென்ட் நாணயங்களுக்காக 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வகுத்தார். 70 என்ற எண், மிகத் தேய்ந்ததைப்போல எழுபது மடங்கு விலை பெறும் நாணயம் என்ற கணக்கில் வந்தது. இன்று உறையிட்டுச் சான்று தரும் நிறுவனங்கள் இதையே பயன்படுத்துகின்றன: 20 முதல் 35 வரை வி.எஃப்., 40, 45 ஈ.எஃப்., 50 முதல் 58 வரை ஏ.யு., 60 முதல் 70 வரை புழங்காதவை. பழைய பிரிட்டிஷ் வழக்கு இதைவிடக் கறாரானது. அதில் ஈ.எஃப். என்று சொல்லப்படும் நாணயம் அமெரிக்க அளவில் பெரும்பாலும் ஐம்பதுகளில் விழும். ஆகவே ஒருவர் ஈ.எஃப். என்றால் எந்த வழக்கில் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள். ப்ரூஃப் என்பது இந்தப் படிவரிசையில் சேராது. மெருகிட்ட அச்சில், மெருகிட்ட வில்லையை (உருவம் பதியாத உலோகத் தட்டை) தனியாக அடிக்கும் தயாரிப்பு முறை அது. கைபட்டுக் கீறல் விழுந்த ப்ரூஃபும் உண்டு.

புழங்காத நாணயத்திலும் தழும்புகள் இருக்கும். அக்கசாலையில் மூட்டை மூட்டையாகக் கொட்டும்போது ஒன்றோடொன்று மோதியதால் வந்தவை அவை. ஓரம் கூர்மையாக இருக்கும், குறுகிய வெட்டுபோலத் தெரியும். மன்னர் கன்னத்தின் நடுவில் ஒரு தழும்பு விழுந்தால் மதிப்பு நன்றாகக் குறையும். அதே அளவுத் தழும்பு பூச்சரத்துக்குள் ஒளிந்திருந்தால் பெரிதாகக் குறையாது. எத்தனை தழும்பு என்பதைவிட எங்கே என்பதே கணக்கு.

இனி, சுத்தம் செய்வது பற்றி. இக்கடிதத்தை எழுதத் தூண்டியது இதுதான். லஸ்டர் என்பது உலோகத்தின் மேற்பரப்பிலுள்ள நுண்வரிகள் என்று பார்த்தோம். புளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்கள் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை, அந்த வரிகளின் நுனியையும் கரைத்துவிடுகின்றன. பொடி போட்டுத் தேய்த்தால் வரிகள் அறுந்து, அவற்றின்மேல் புதுக் கீறல்கள் விழுகின்றன. வெள்ளி நகைக்கென்று விற்கும் முக்கியெடுக்கும் திரவமும் அப்படியே. ஒருமுறை முக்கினால் மங்கும், பலமுறை முக்கினால் நாணயம் உயிரில்லாத சுண்ணாம்பு வெள்ளையாகும். கரைந்த வரிகளைத் திரும்பக் கொண்டுவரும் வழி எதுவும் கிடையாது. சான்று நிறுவனங்கள் இத்தகைய நாணயத்துக்கு எண்ணே தராமல், வடிவம் இந்த அளவு, ஆனால் சுத்தம் செய்யப்பட்டது என்று மட்டும் குறித்து அனுப்பிவிடும்.

தேய்த்த நாணயத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. விளக்கின் கீழ் சாய்த்துத் திருப்பும்போது ஏதாவது ஒரு கோணத்தில் தலைமுடிபோன்ற மெல்லிய கீறல்கள் கூட்டமாக ஒரே திசையில் பளிச்சிட்டு மறையும். எழுத்துகளின் இடுக்கில் கறுப்பு அப்படியே தங்கி, வெளித்தளம் மட்டும் வெள்ளையாக இருக்கும். தேய்ந்த உச்சிகள்கூட மின்னும். இயல்பாகப் புழங்கிய நாணயத்தில் உச்சி ஒருபோதும் மின்னாது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது, எல்லாக் கோடும் கீறல் அல்ல. அக்கசாலையில் அச்சைத் தீட்டி மெருகேற்றியபோது அச்சில் விழுந்த கோடுகள் நாணயத்தில் மேடாக எழும். அவை உருவத்தின் ஓரத்தில் வந்து நின்றுவிடும். பின்னால் விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும், உருவத்தின் மேலும் ஏறிப் போகும். மேடா பள்ளமா, நிற்கிறதா தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும். அச்சு விரிசலால் வந்த கோடு உருவத்தைத் தாண்டிப் போனாலும் மேடாகவே இருக்கும், அது குறையாகாது.

கறுப்பு எல்லாம் அழுக்கும் அல்ல. வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து மெல்லிய படலம் பூண்டிருப்பதே அது. படலத்தின் கனத்துக்கேற்பத் தேன்மஞ்சள், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் மாறும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்து வந்த நிறம் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கலந்து மாறும், அதன் அடியில் லஸ்டர் சுற்றுவதும் தெரியும். இப்படி நிறமேறிய நாணயத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. சூடேற்றியோ கந்தகப் பூச்சாலோ செயற்கையாக ஏற்றிய நிறம் திட்டுத்திட்டாக, சட்டென்று முடிவதாக, கீறல்களுக்குள்ளும் புகுந்ததாக இருக்கும்.

நம் வீட்டு நாணயங்களில் குங்குமமும் சந்தனமும் ஒட்டியிருப்பது வழக்கம். வரலட்சுமி நோன்புக் கலசத்தில் கிடந்தவை, லட்சுமி பூஜையில் வைத்தவை எல்லாம் அப்படித்தான். இவற்றைத் தேய்க்காமலே எடுக்கலாம். பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடி நீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் புது நீருக்கு மாற்றுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சினால் இரசாயனக் கடையில் கிடைக்கும் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் இட்டு, வேறொரு கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒருமுறை முக்கி எடுத்து, தானாகவே உலர விடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் இதற்கு ஆகாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பிளாஸ்டிக் கிண்ணமும் ஆகாது, அசிட்டோனில் கரையக்கூடும். அடுப்பு எரியும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது, சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். துணியால் துடைக்க வேண்டாம். அசிட்டோன் வெள்ளியைத் தொடாது, கறுப்பையும் எடுக்காது. எடுக்க வேண்டியதும் இல்லை.

காசுமாலையில் கோத்திருந்த நாணயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வளையம் பற்றவைத்துப் பின்னால் நீக்கியவை சந்தையில் நிறைய. பக்கவாட்டில், மன்னரின் தலை உச்சிக்கு நேராக உள்ள பல்வரிகளை எண்ணிப் பார்ப்பதுபோல நிதானமாகப் பாருங்கள். அங்கே மட்டும் வரிகள் மழுங்கி, ஈயப் பற்றின் வேறு நிறம் தெரியும். துளையை அடைத்த நாணயத்தில் அடைத்த இடத்தின் நிறமும் தளத்தின் தன்மையும் சற்று மாறியிருக்கும், இரு பக்கமும் ஒரே இடத்தில் உருவம் குழம்பியிருக்கும். அந்தக் காலத்து சராப்புகள், அதாவது நாணயம் மாற்றுவோர், வெள்ளியைச் சோதிக்கக் குத்திய சிறு முத்திரைகளும் குறையாகவே கணக்கிடப்படும். இன்றும் நகைக்கடைக்குக் கொண்டுபோனால் உரைகல்லில் ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். எக்ஸ்-கதிர்க் கருவி வைத்திருக்கும் ஹால்மார்க் மையங்களில் நாணயத்தைத் தொடாமலே உலோகக் கலவையைச் சொல்லிவிடுவார்கள். மேற்பரப்பைத்தான் அது அளக்கும் என்பதால் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னவை இயந்திரத்தில் அடித்த நாணயங்களுக்கு. கையால் அடித்த நம் பழங்காசுகளுக்கு இந்த அளவுகோலை அப்படியே வைத்தால் தவறாகிவிடும். ராஜராஜன் செம்புக்காசில் ஒருபக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் பெயரும். அதில் பெயர் முழுதாக வாசிக்க முடிகிறதா, உருவம் வில்லையின் நடுவில் விழுந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. வில்லை சிறியது, அச்சு பெரியது என்பதால் பாதி உருவம் வெளியே போன காசுகள்தான் அதிகம். புதுக்கோட்டை அம்மன் காசும் அப்படித்தான். ஒருபக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய. இரண்டும் முழுதாக விழுந்த காசு கிடைத்தால் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அதுதான் மேல். செம்பின்மேல் படிந்த கரும்பழுப்பு அல்லது கரும்பச்சைப் படலம் காசைக் காக்கும் கவசம், அதைச் சுரண்டக் கூடாது. தொட்டால் மாவுபோல உதிரும் வெளிர்பச்சைப் பொடி வேறு. அது உப்பினால் வரும் நோய், பரவும். அத்தகைய காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமில்லாத தனிப் பெட்டியில் வைத்து, பாதுகாப்பு வேதியியல் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

சென்னைக்கென்றே ஒரு நல்ல பாடநாணயம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்துக்காக பர்மிங்ஹாமின் சோஹோ அக்கசாலையில் அடித்த 10 காசும் 20 காசும். 1808 தேதியிட்ட காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் ஏராளமான காசுகளை மேலே எடுத்தார்கள். இவை ஒருநாளும் யார் கையிலும் புழங்காதவை, ஆகவே தேய்மானம் கிடையாது. ஆனால் பலவற்றில் கடல்நீர் அரித்துத் தளம் முழுக்கச் சொரசொரப்பு. உருவம் கூர்மையாக இருப்பதால் யு.என்.சி. என்று விற்கிறார்கள். மேற்பரப்பு அரித்துப்போன நாணயத்தை அப்படிச் சொல்வது சரியல்ல. அதே ஆண்டில் புழங்கித் தேய்ந்த காசு ஒன்றையும் கடல் அரித்த காசு ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தேய்வு வேறு அரிப்பு வேறு என்பது ஒரே நாளில் புரிந்துவிடும்.

இந்த ஊரின் காற்றும் ஈரமும் உப்பும் நாணயத்துக்குப் பகை. கடற்கரையோரப் பகுதிகளில் இருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாதம் ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மிக மோசமான எதிரி நாமே காசு கொடுத்து வாங்கும் பி.வி.சி. உறை. மெதுமெதுவென்று வளைந்து, பிளாஸ்டிக் வாசனை வீசினால் பி.வி.சி. என்று கொள்ளலாம். வெப்பத்தில் அது சிதைந்து அமிலம் கசிய, நாணயத்தின்மேல் பச்சைப் பிசின் படியும். ஆரம்பத்திலேயே கண்டால் மேலே சொன்ன அசிட்டோனில் போகும், தாமதித்தால் உலோகத்தையே தின்றுவிடும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டை உறையே நல்லது. அதில் அடிக்கும் பின் முனைகளைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்து நாணயத்தைக் கீறும். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் கந்தகம் உள்ளவை, வெள்ளிக்கு அருகில் வேண்டாம். பெட்டிக்குள் சிலிகா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்திப் போட வேண்டும்.

கண்ணைப் பழக்க ஒரு பயிற்சி சொல்கிறேன். விலையுயர்ந்த நாணயம் எதுவும் வேண்டியதில்லை. 1992 முதல் வந்த 9 கிராம் எடையுள்ள கனத்த ஐந்து ரூபாய் நாணயத்தில் பத்துப் பன்னிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். நடுச்சிங்கத்தின் மூக்கு, பிடரி, மார்பு மூன்றையும் மட்டும் பார்த்துத் தேய்ந்ததிலிருந்து தேயாதது வரை வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் நினைக்கும் நிலையை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, தாளைப் பார்க்காமல் மீண்டும் செய்யுங்கள். இரண்டு முடிவும் ஒத்துப்போகும்வரை வெள்ளி ரூபாய் வாங்கப் போக வேண்டாம். அச்சு முறைகளின் வேறுபாட்டைக் காண எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களில் போகலாம். தங்கசாலைத் தெருவின் பெயருக்குக் காரணமான அக்கசாலை 1869-இல் மூடப்பட்டுவிட்டாலும், மதராஸில் அடித்த நாணயங்களை நேரில் பார்ப்பது எந்தப் படத்தையும்விட அதிகம் கற்றுத்தரும்.

படத்தைப் பார்த்து வாங்குவோர் கவனிக்க: ஒரே ஒரு நிழற்படத்தில் லஸ்டரும் தெரியாது, முடிக்கீறலும் தெரியாது. ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றும் காணொளி கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று அழைப்பவர்கள் மோசடிக்காரர்கள். பழைய நாணயம், நோட்டு வியாபாரத்தில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருவதால், சான்று பெறுவதற்காகவென்றாலும் அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இங்கேயே மதிப்பிடக் கற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களிடம் கேட்பது இரண்டே. இனி ஒரு நாணயத்தின் விலையைச் செய்தியாக வெளியிடும்போது அதன் நிலையையும் எடையையும், இரு பக்கப் படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம், வீடுகளில் பித்தளையும் வெள்ளியும் துலக்கும் நாள்களில், பழைய நாணயங்களைத் தேய்க்காதீர்கள் என்று ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்,
சென்னை.